தப்புக்கு என்ன விலை?

2024 ஏப்ரலில் லண்டனில் நடந்த பாஃப்டா கேம்ஸ் விழாவில் அறிமுகப் படைப்புக்கான விருது ‘வெண்பா’வுக்குப் போனது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை கடைசியில் வெளியிட்ட வீடியோ கேம் அது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாயின் கதை அதில் வருகிறது. சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. இட்லித் தட்டைச் சரியாக அடுக்கினால் அடுத்த காட்சி வரும். விருதுச் செய்தியை அன்றைக்கே எனக்குப் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் அதை விளையாடிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் பெருமை இருந்தது. அது நல்ல விளையாட்டா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நம்மிடம் வீடியோ கேமுக்கு இரண்டே பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் ‘பிள்ளைகளைக் கெடுக்கிறது’ என்று எழுதியிருக்கிறது, மற்றதில் ‘தமிழனுக்குப் பெருமை’ என்று. சினிமாவுக்கு இப்படி நடப்பதில்லை. டீக்கடையில் நிற்பவர்கூட இரண்டாம் பாதி இழுக்கிறது, பின்னணி இசை காப்பாற்றிவிட்டது என்று காரணத்தோடு பேசுகிறார். பிரியாணிக்கும் அப்படித்தான். திண்டுக்கல்லில் பிறந்தவன் அரிசியைத் தொட்டே தீர்ப்புச் சொல்வான். விளையாட்டுக்கு மட்டும் அந்த நியாயம் கிடைக்கவில்லை. எங்கள் திண்டுக்கல் பக்கத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, ஒரு படைப்பைப் பிரித்துப் பார்த்து, எது எப்படி வேலை செய்கிறது என்று அலசிய பிறகே மதிப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்தை இங்கே கொண்டுவரப் பார்க்கிறேன். முப்பது வருஷமாக விளையாடுகிறவன் என்ற ஒரே தகுதியில்.

அளவுகோல் எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பூட்டுப் பட்டறையிலிருந்து கிடைத்தது. என் தாய்மாமன் நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டு வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகள் பாதிக்கு மேல் ஓய்ந்திருந்தன, அது வேறு துயரம். அவர் ஒரு பூட்டை முடித்ததும் அதன் சாவியைப் போட்டுத் திறந்து காட்ட மாட்டார். வேறு சாவி ஒன்றை எடுத்து நுழைப்பார். “மாப்ள, தன் சாவிக்கு எல்லாப் பூட்டும் தெறக்கும். தப்புச் சாவி போட்டா என்ன பண்ணுதுன்னு பாரு, அங்கதான் இருக்கு வேலை” என்பார். உள்ளே லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் தனக்கு உரிய உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஒன்று நூலளவு கூடினாலும் நாக்கு நகராது.

விளையாட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஜெயிக்கும்போது வாணவேடிக்கை எல்லாரும் காட்டுவார்கள். தப்புச் செய்கிறவனிடம் அது என்ன வாங்கிக்கொள்கிறது, பதிலுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

1990களின் நடுவில் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீட்டின் முன்னறையில் டிவி கேமை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். அங்கே நான் ஆடியது ‘கான்ட்ரா’. கொனாமி 1987-ல் ஆர்கேடு இயந்திரத்துக்காகச் செய்து, அடுத்த வருஷம் வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தது. கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு சிப்பாய்கள், வேற்றுக்கிரக எதிரி, அவ்வளவுதான். ஆளுக்கு மூன்று லைஃப். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு.

மூன்றாவது ஸ்டேஜ் அருவி. இரண்டு பேரும் பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவன் ஏற ஏறத் திரையும் கூடவே மேலே நகரும். கீழே தங்கிவிட்டவன் திரையின் விளிம்புக்கு வெளியே போனால் அங்கேயே செத்தான். எதிரி சுட வேண்டியதே இல்லை, கூட்டாளியின் அவசரமே அவனைக் கொன்றுவிடும். என் பெரியம்மா மகன் “டேய் நில்லுடா, நான் இன்னும் ஏறல” என்று கத்துவான். முதல் சில நாள் நான் நிற்கவில்லை. அவன் மூன்று லைஃபும் போனதும் விளையாட்டு அவனுக்கு ஒரு வழி வைத்திருக்கும்: கூட்டாளியிடம் மிச்சமிருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவன் எடுத்துக்கொள்வான். என் அவசரத்தில் நான் கொன்ற உயிரை என் கையிருப்பிலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் பாறையில் நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் என் விரலுக்கு வந்துவிட்டது. யாரும் போதிக்கவில்லை. திரையில் அதற்கென்று ஒரு சொல்கூட இல்லை.

இதைத்தான் நல்ல பூட்டு என்கிறேன். தப்புக்கு விலை உண்டு, அந்த விலை நியாயமானது, கட்டியவனுக்கு ஒரு பாடமும் கையோடு வருகிறது. ‘கான்ட்ரா’வின் குறை, அதற்கு மனிதர்களே இல்லை. அந்தச் சிப்பாய்கள் யார், எதற்காகச் சாகிறார்கள் என்று ஒருநாளும் எனக்குக் கவலை வந்ததில்லை. ஆட்டத்தின் நியாயம் முழுக்க ஆடும் இருவருக்கு நடுவில்தான் நடந்தது. ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தான். மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் கதை தேவைப்படவில்லை, வெட்டுப்பட்ட ஆடு திரும்பி வராது என்ற ஒரு விதி போதுமாக இருந்தது.

அந்த மனிதர்கள் எனக்குச் சினிமாவில் கிடைத்தார்கள். 2019-ல் வந்த அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ படத்தில் டாப்ஸி வீடியோ கேம் வடிவமைப்பவர். பழைய ஒரு கொடுமையிலிருந்து மீளாமல் வீட்டுக்குள் முடங்கி, பேக்-மேன் ஆடிக்கொண்டிருக்கிறார். கொலைகாரர்கள் வீட்டுக்கு வரும் இரவு அவருக்குத் திரும்பத் திரும்ப நடக்கிறது. கையில் இருக்கும் பச்சை, எத்தனை உயிர் மிச்சம் என்று காட்டுகிறது. விளையாட்டில் நாம் நூறு தடவை கேட்டுச் சலித்த ‘மூன்று லைஃப்’ என்ற கணக்கு, இந்தப் படத்தில்தான் கனத்தது. வாழவே விருப்பமில்லாத ஒரு பெண்ணின் கையில் மூன்று வாய்ப்பைக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பறித்து, கடைசி ஒன்றை அவள் காப்பாற்றப் போராடுவாளா என்று கேட்கிறது படம். அந்தக் கேள்விக்கு எந்த வீடியோ கேமும் அவ்வளவு அருகில் வந்து நான் பார்த்ததில்லை.

2021-ல் வந்த ‘மாநாடு’ இதைவிடக் கொண்டாட்டமான படம். ஒரே நாளில் மாட்டிக்கொண்ட நாயகனுக்கு எதிராக வில்லனுக்கும் அந்தச் சுழற்சி தெரியவரும் இடத்தில் படம் சட்டென்று இரண்டு பேர் ஆடும் ஆட்டமாகிவிடுகிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு சாவும் தகவலாக மட்டுமே சேர்கிறது. அடுத்த சுற்றில் நாயகனுக்குத் தெரிந்தது கூடுகிறது, அவன் மனசில் ஒரு கீறலும் விழவில்லை. ரசித்துப் பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன். எடை என்று வந்தால் ‘கேம் ஓவர்’தான் கனம்.

இரண்டு படத்துக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. அருவியில் நின்று காத்திருக்க என் விரல் கற்றதுபோல ஒன்றையும் சினிமாவிடமிருந்து என் விரல் கற்க முடியாது. வேறொருவர் ஆடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனிதர்களும் வேண்டும், கையும் கற்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடத்தைத் தேடித்தான் ‘வெண்பா’விடம் வந்தேன்.

(பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறாவை இந்தத் தராசில் நான் ஏற்றவே இல்லை. அங்கே தப்புக்கு விலை வீட்டு நகை. 2022-ல் தமிழக அவசரச் சட்டமும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டமும் வந்ததற்குக் காரணம் அதுதான். வீடியோ கேமையும் அதையும் ஒரே வாயில் திட்டுவது இரண்டையும் தெரியாத பேச்சு.)

‘வெண்பா’வில் தாயின் பெயரே வெண்பா. கணவர் பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஆடுகிறவர் யோசித்து நிரப்ப வேண்டும். வானொலியில் பாட்டு ஓடுகிறது, வருஷம் நகர நகரத் தமிழ்ச் சினிமா இசையின் காலமும் அதில் மாறுகிறது. மகன் பள்ளிக்கூடத்தில் கெவின் ஆகிறான், வீட்டுத் தமிழ் அவன் வாயில் தேய்கிறது. முழு ஆட்டமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இட்லி கட்டத்தில் நான் முதல் தடவை தோற்றேன். தட்டுகளை வந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். பக்கத்தில் மாலை நேரத்துக் காபியோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். எழுபதைத் தாண்டியவர், இந்த வயசு வரைக்கும் விளையாட்டு ரிமோட்டைத் தொட்டதில்லை. “குழிக்கு நேரா குழி வச்சா ஆவி எப்படிடா போகும்? மாத்தி வையி” என்றார். மாற்றி வைத்தேன், சரியாக வந்தது. அடுத்தது புட்டு. “புட்டுக்கு எதை முதல்ல போடுவான், பார்ப்போம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவர் கட்டளைக்குக் கை மட்டும்தான். ஆடியது அவர்.

இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் நான் ஆடிய எல்லா விளையாட்டிலும் அனுபவம் என்றால் விளையாடிய அனுபவம்தான். ஆடாதவர் அறைக்கு வெளியே நிற்பார். ‘வெண்பா’ அந்தக் கதவைத் திருப்பி மாட்டியிருக்கிறது. அம்மாவின் ஐம்பது வருஷ அடுப்பங்கரை அறிவு அங்கே திறமையாக எண்ணப்பட்டது. தமிழ் வீட்டில் யாருடைய அறிவுக்கு மதிப்பெண் போடுவதே இல்லையோ, அவரை முதல் ஆட்டக்காரராக உட்காரவைத்த விளையாட்டு இது. இந்த ஒரு காரணத்துக்கே விருது தகும்.

இனிக் குறை. இந்த அடுப்பில் எதுவும் கருகுவதில்லை. தட்டைத் தப்பாக அடுக்கினால் விளையாட்டு சிரித்த முகத்தோடு அந்தப் படியிலிருந்தே மறுபடி தொடங்கச் சொல்கிறது. அரிசி வீணாவதில்லை, நேரம் போவதில்லை, காத்திருப்பவர் பட்டினியோடு வேலைக்குக் கிளம்புவதில்லை. யோசிக்காமலேகூட ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுக் கடந்துவிடலாம். என் மாமனின் கேள்வியை வைத்தால், தப்புச் சாவிக்கு இந்தப் பூட்டு ஒன்றும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு, வலுவான பதில். வெண்பாவுக்குக் கைமீறிப் போவது சமையல் அல்ல, மகன். உரையாடலில் நாம் எதைத் தேர்ந்தாலும் அவன் விலகுவதைத் தடுக்க முடியாது. வெளியே எல்லாம் நழுவும்போது, சொன்னபடி நடக்கிற ஒரே இடம் அடுப்பங்கரை. அதனால்தான் அங்கே தோல்வியை வைக்கவில்லை என்று வாதிடலாம். நீண்ட நாள் இதை யோசித்துப் பார்த்தேன். தாய் சமைக்கும் காட்சிகளுக்கு இந்த வாதத்தை முழுசாக ஏற்கிறேன். வளர்ந்த மகன் அதே நோட்டை எடுத்துச் சமைக்க நிற்கும்போது ஏற்க முடியவில்லை. அவன் இழந்தது மொழி, கைப்பழக்கம், இருபது வருஷம். அந்த இழப்பை வசனம் சொல்கிறது, பாட்டு சொல்கிறது, என் விரல் மட்டும் உணரவில்லை. தாய்க்குக் கிடைத்த அதே மன்னிப்பு மகனுக்கும் கிடைக்கிறது. அங்கே ஒரே ஒரு பாத்திரம் அடிப்பிடித்திருந்தால் போதும். ‘கேம் ஓவர்’ உயிருக்குக் கொடுத்த கனம் இந்த அடுப்புக்கும் வந்திருக்கும்.

எங்கள் ஊர்ப் பிரியாணியை நினைத்துக்கொள்கிறேன். சீரக சம்பா, கறி வெந்த சாற்றிலேயே வேக வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் குழைந்துவிடும், குறைந்தால் நடு அரிசி நிற்கும். மூடி மேல் கங்குகளைப் பரப்பித் தம் போட்ட பிறகு மாஸ்டர் திறந்து பார்ப்பதில்லை. அண்டாவின் பக்கத்தில் காதைக் கொடுத்து நிற்பார். திறந்த பின் திருத்த வழியில்லை. கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அவர் கைக்கு அந்த அறிவு வந்ததே எத்தனையோ அண்டா குழைந்த பிறகுதான். அம்மா குழியை மாற்றி வைக்கச் சொன்னதும் என்றைக்கோ வேகாமல் போன இட்லியின் பாடம். சமையலை விளையாட்டாக்கும்போது குழைந்த அண்டாவை எடுத்துவிட்டால், அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம்.

என் தீர்ப்பு இது. தமிழ் வாழ்க்கையைச் சொன்ன படைப்பாக ‘வெண்பா’ முதல் வரிசை. கடந்த சில வருஷத்தில் நான் பார்த்த குடும்பப் படங்கள் பலவற்றைவிட நேர்மையானது, அடக்கமானது. விளையாட்டாக இரண்டாம் வரிசை. கை கற்பதில் மனிதரே இல்லாத ‘கான்ட்ரா’ இன்னும் அதற்கு முன்னால் நிற்கிறது, உயிரின் விலையைச் சொல்வதில் ‘கேம் ஓவர்’ முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த இரண்டிலும் என் அம்மாவுக்கு இடம் இல்லை.

‘வெண்பா’ கம்ப்யூட்டரிலும் கிடைக்கிறது. ஒரு மாலை போதும். வீட்டில் சமைக்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடுங்கள். முடித்த பிறகு, அடுப்பு கருக வேண்டும் என்று நான் சொன்னது சரியா என்று அவரிடமே கேளுங்கள்.