தூய ஒலியும் துரத்தப்பட்ட வாத்தியக்காரர்களும்

“பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்ல ஒரு தடவை கேட்டுப் பாருங்க தோழர், பாடுறவங்க எதிர்ல வந்து நிப்பாங்க” என்று நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். போய்க் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. காதுக்குக் கிடைக்கும் சுகத்தைச் சந்தேகப்பட்டு எந்தப் புரட்சியும் வந்துவிடப் போவதில்லை. ஆனால் அந்தச் சுகத்தைச் சுற்றிக் கட்டப்படும் சொல்லாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய ஹை-ஃபை கருவிகளைச் சேகரிப்பவர்கள் மத்தியில் புழங்கும் சொற்களைக் கவனியுங்கள்: தூய்மை, அசல், கலப்பற்ற ஒலி, மாசுபடாத சிக்னல். நமக்குப் புதிய சொற்களா இவை? தூய்மை பேசப்பட்ட இடத்திலெல்லாம் யாரையாவது வெளியே தள்ளியிருக்கிறார்கள். அப்படியானால் இங்கே தள்ளப்பட்டவர் யார்?

இந்தக் கோயிலின் மூலவர்களில் ஒன்று 300பி என்கிற வால்வு. 1938-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி கொண்டுவந்தது. தொலைபேசி ஏகபோகமான ஏடி அண்ட் டி-யின் உற்பத்திப் பிரிவு அது. பழைய தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘வெஸ்ட்ரெக்ஸ்’ என்று பார்த்திருப்பீர்கள். இதே கம்பெனியின் வெளிநாட்டு வியாபாரக் கிளைதான் அது. ஒற்றை 300பி ஏறக்குறைய 8 வாட்தான் தரும். ஆனால் பெரிய ஹார்ன் ஸ்பீக்கரோடு இணைத்தால் சின்ன தியேட்டர் ஒன்றுக்கு அதுவே போதும். அதாவது, கூட்டமாக உட்கார்ந்து படம் பார்க்கிற ஜனங்களுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இது.

இந்தத் தொழில்நுட்பம் தியேட்டருக்குள் நுழைந்த கதை சேகரிப்பாளர்களின் பேச்சில் வருவதில்லை. 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்தது. ஒலியமைப்பு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கினுடையது. அதுவரை மௌனப் படங்களுக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்கள் சில வருஷங்களுக்குள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். 1929-இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1930-இல் அமெரிக்க இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் பத்திரிகைகளில் தொடர்ந்து விளம்பரம் கொடுத்தது. இரும்பு மனிதன் வாத்தியம் வாசிக்கிற படத்தைப் போட்டு, டப்பாவில் அடைத்த சங்கீதம் வேண்டாம் என்று ஜனங்களிடம் முறையிட்டது. தோற்றுப்போனார்கள். ‘கலைஞனையே எதிரில் கொண்டுவந்து நிறுத்துகிறது’ என்று இன்றைக்குக் கொண்டாடப்படும் இந்தக் கருவிக் குடும்பம், எதிரில் உட்கார்ந்திருந்த கலைஞனை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் அந்த இடத்தைப் பிடித்தது.

1970களிலும் 80களிலும் அமெரிக்கத் தியேட்டர்களிலிருந்து கழற்றிய வால்வுகளையும் ஹார்ன்களையும் ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் வாங்கிக் குவித்தார்கள். 300பி-யைத் தெய்வமாக்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஜப்பானில் மௌனப் படங்களுக்குத் திரையருகே நின்று கதை சொன்ன ‘பென்ஷி’ கலைஞர்களும் பேசும்படம் வந்ததும் தெருவுக்கு வந்தார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள், பலிக்கவில்லை. அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர் ஹெய்கோ குரோசாவா, இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன். 1933-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் அந்த வால்வின் வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்கும்போது அந்தப் பெயர் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லையென்றால், நாம் கேட்பது என்ன ஒலி?

இனி ‘அப்கிரேடு’ விஷயத்துக்கு வருவோம். அசல் வேண்டும் என்பவர்கள்தான் மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். மாற்றாமல் தீராது. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வருஷக்கணக்கில் காய்ந்துபோகும். ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் வரும். ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவிலுள்ள கெபாசிட்டர் கசிந்தால் விலையுயர்ந்த வால்வே போய்விடும். எனவே பழைய கருவி எதுவும் முழு அசலாக உயிரோடு இருக்க முடியாது. பல கைகள் பல காலத்தில் திருத்தி எழுதிய பிரதி அது. இதே வேலையைக் கடைத்தெருவில் ஒருவர் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு செய்தால் ‘ரிப்பேர்’. சேகரிப்பாளர் வெள்ளிக் கம்பி வாங்கிக் கொடுத்துச் செய்தால் ‘அப்கிரேடு’. முன்னதற்குக் கூலி, பின்னதற்கு ரசனை என்று பெயர். இரண்டிலும் ஈயப் புகையை மூச்சில் இழுப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். விற்கும்போது கருவியின் வம்சாவளி சொல்கிறார்கள்: எந்த வருஷம், எந்தத் தியேட்டர், யார் யாரிடம் இருந்தது என்று. உயிர்கொடுத்த மெக்கானிக்கின் பெயர் அந்த வம்சாவளியில் இருப்பது அபூர்வம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பேருக்கு ஒலித்த கருவி இப்போது சாத்திய அறைக்குள், இரண்டு ஸ்பீக்கருக்கு நேர் நடுவில் போட்ட ஒற்றை நாற்காலிக்காக ஒலிக்கிறது. அங்கிருந்து கேட்டால்தான் சரியாம். சற்றுத் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பாதி சங்கீதம். கர்ப்பக்கிரகம் என்று வேறு எதைச் சொல்வது?

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. வாங்கு, எறி, மறுபடி வாங்கு என்கிற சந்தைக்கு எதிராக, 80 வருஷத்துக் கருவியைத் திறந்து, புரிந்துகொண்டு, ஓட வைப்பது நல்ல அரசியல்தான். திறந்து பார்க்கவே முடியாதபடி ஒட்டி விற்கப்படும் கருவிகளின் காலத்தில் அது இன்னும் அவசியம். ஆனால் அந்த அரசியல் ரிப்பேரில் இருக்கிறது, தூய்மையில் இல்லை. நண்பரிடம் இதைச் சொன்னேன். “அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?” என்றார். மூன்று காரியம் சொன்னேன். சரிசெய்தவர் பெயரைப் பெட்டிக்குள் எழுதி வையுங்கள். தெரிந்த வேலையை நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்த ஒற்றை நாற்காலியை எடுத்துவிட்டுப் பாயை விரித்து, கதவைத் திறந்து வையுங்கள்.

“தூசி வருமே” என்றார். வரட்டும்.