இருட்டை யார் தலையில் கட்டுவது?

தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டு ஊர் மனுப் போட்டு மனுப் போட்டு ஓய்ந்துவிட்டது. ஏலத்தோட்ட ஜீப்புகள் இன்னும் போடிமெட்டையோ கம்பமெட்டையோ சுற்றித்தான் போகின்றன. ரோடு வராத ஊருக்கு ஜப்பான் படம் மட்டும் செல்போன் வழியே சுலபமாக வந்துவிட்டது. அதில் 'பாய்ஸ் லவ்' என்ற வகையும் உண்டு. ஆணும் ஆணும் காதலிக்கும் இந்தக் கதைகளைப் பெரும்பாலும் பெண்கள் எழுதுகிறார்கள், பெண்களே வாசிக்கிறார்கள். இவற்றில் வன்முறை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதை நம் படங்களைப் பார்த்தும் கேட்க வேண்டும்.

இசாவோ யுகிசாதா 2020இல் எடுத்த, எலி பாலாடைக்கட்டியைக் கனவு காண்பதாகப் பெயர் கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். கணவன்மேல் சந்தேகப்பட்டு மனைவி ஒரு துப்பறிவாளனை அமர்த்துகிறாள். வந்தவன் கணவனுக்குக் கல்லூரியில் ஜூனியர்; அந்தக் காலத்திலிருந்தே அவன்மேல் ஆசை வைத்திருப்பவன். கள்ள உறவுக்கான ஆதாரம் கையில் இருக்கிறது. மனைவியிடம் சொல்லாமல் இருக்க அவன் கேட்கும் விலை, கணவனின் உடம்பு. இது பச்சையான மிரட்டல். அடுத்த இரண்டு மணி நேரம் படம் இந்த மிரட்டலைக் காதலாக மாற்றப் பாடுபடுகிறது. எனக்கு இது உறுத்தியது. ஆனால் மிரட்டியவனே பிறகு அந்த வீட்டில் வேண்டாத விருந்தாளி மாதிரி ஒண்டிக்கிடக்கிறான். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத கணவன், மெத்தனத்தாலேயே அவனை வதைக்கிறான். அதிகாரம் இப்படிக் கை மாறுவதைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது.

இதன் வேர் பழையது. கெய்கோ தாகெமியா 1976இல் தொடங்கிய மாங்கா என்ற சித்திரக்கதைத் தொடரில், பிரெஞ்சு விடுதிப் பள்ளியில் படிக்கும் கில்பர்ட் என்ற சிறுவன் சொந்த வீட்டுப் பெரியவராலேயே சீரழிக்கப்பட்டவன். பெண் பிள்ளைகள் படிக்கும் இதழில் அது வந்தது. தன் உடம்பின் மீது நடக்கும் அத்துமீறலைப் பற்றி ஒரு பெண்ணால் நேராகப் பேச முடியாதபோது, அதைப் பையன் உடம்பில் வைத்துப் பேசலாம் என்பது இந்த வகைக்குச் சொல்லப்படும் நியாயம். வலுவான நியாயம்தான். ஆனால் அந்தப் பையனைப் போல நிஜத்தில் வாழ்கிறவன் என்ன நினைப்பான்? சாதோ மசாகி என்ற தற்பாலீர்ப்பாளர் 1992இல் ஒரு பெண்ணியச் சிற்றிதழில் இதைக் கேட்டுச் சண்டையே போட்டார். எங்கள் வாழ்க்கை உங்களுக்குப் பொழுதுபோக்கா என்பதே அவர் கோபம். அந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

ஆறாத காயம் ஒன்று 2020இல் வந்த 'சாஏசுரு தோரி வா ஹபாதகானாய்' அனிமேஷன் படத்தில் இருக்கிறது. அதன் நாயகன் யாஷிரோ, யாகூசா என்ற ரவுடிக் கும்பலில் ஒரு தலைவன். சிறுவயதில் மாற்றாந்தகப்பனால் சீரழிக்கப்பட்டவன், வலி தனக்குப் பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். பட்ட அடிக்கு அவனே எழுதிக்கொண்ட நியாயம் அது. படம் அதை நம்பவில்லை. ஆனாலும் அதே காட்சிகளை அழகாக வரைந்து ரசிகருக்குப் பரிமாறவும் செய்கிறது. இந்த இரட்டை வேடத்துக்கு அதனிடம் பதிலில்லை.

இனி நம் பக்கம். 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு'வில் அமுதனும் இளமாறனும் பெண்களைப் பலாத்காரம் செய்து கொல்கிறார்கள். அவர்களுக்குள் ஓர் உறவு இருப்பதாகவும் படம் கோடி காட்டுகிறது; போலீஸ் அதிகாரி ராகவன் இளக்காரமாகக் கேட்பதும் அதைத்தான். துப்பு துலக்க இது எதற்கும் உதவவில்லை. வில்லன்மேல் இன்னொரு கை சேறு பூசத்தான் அது தேவைப்பட்டது. 2010இல் 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாக வந்தார்கள். சிரிக்க வைத்தாலும் அந்தப் படம் அவர்களை விரட்டவில்லை, அந்த மட்டில் பரவாயில்லை. 2020இல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் 'தங்கம்' வந்தது. அதில் சத்தார் தன்னைப் பெண்ணாக உணர்பவர் என்பதால் கணக்கு சற்று வேறு. அவரும் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளாகிச் சாகத்தான் வேண்டியிருந்தது. நம் கண்ணீருக்காக ஒரு பிணம்.

ஆண்களின் பாசத்துக்கு மட்டும் தமிழ்ப் படத்தில் பஞ்சமே இல்லை. 'சுப்ரமணியபுர'த்தில் (2008) அழகர் செத்த பிறகு பரமன் பழிவாங்கக் கிளம்பும் வெறி எந்தக் காதல் படத்திலும் காணாதது. தோளில் கை போடலாம், நண்பனுக்காக உயிரை விடலாம். உடம்பு ஆசை எட்டிப் பார்த்தால் மட்டும் ஒருவன் வில்லனாக வேண்டும், அல்லது காமெடியன். ஜப்பான் படம் இருட்டைக் காதலுக்குள் வைக்கிறது. நாம் அதை ஆளின் தலையில் கட்டிவிடுகிறோம். ஜப்பான் செய்வதில் குற்றம் காதல் என்ற பெயரில் தப்பிக்கலாம், உண்மைதான். ஆனால் நம் வழியில் விசாரிக்க எதுவுமே மிஞ்சுவதில்லை.

ஜெயில் காட்சியில் ஒரு முரட்டு ஆள் ஒல்லிப் பையனைப் பார்த்து இளித்தால் தியேட்டரும் சிரிக்கிறது. சட்டமும் இப்போது இதைக் கண்டுகொள்வதில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பில் தற்பாலீர்ப்பாளர் சம்மதத்தோடு கூடும் உறவு குற்றமில்லை என்றானபோதும், சம்மதமில்லாததைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மிச்சமிருந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவும் இல்லை. வயதுவந்த ஆணைப் பலாத்காரம் செய்தால் அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஜப்பான் 2017இலேயே ஆணையும் பாதிக்கப்பட்டவராகச் சட்டத்தில் சேர்த்துவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2023இல் ஜியோ பேபியின் 'காதல்' வந்தது. அதில் மிரட்டலும் இல்லை, பிணமும் இல்லை. இருபது வருட மணவாழ்க்கையில் மனைவி இழந்தது என்ன என்ற கணக்கையும் ஜோதிகாவின் பாத்திரம் வழியே ஒளிக்காமல் வைக்கிறது. துணிச்சலான படம். ஆனால் கணவனாக வரும் மம்மூட்டியின் மாத்யூவும் அவர் நேசிக்கும் தங்கனும் ஒருவரையொருவர் பார்ப்பதோடு சரி, தொட்டுக்கொள்வதாகக் காட்டப்படுவதில்லை. பார்க்கிறவர் முகம் சுளிப்பாரோ என்ற பயம் அவ்வளவு நல்ல படத்தையும் விடவில்லை.