கொக்கும் நாரையும் படமெடுக்க நிக்கான் பி950

நிக்கான் கூல்பிக்ஸ் பி950, லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத 'பிரிட்ஜ்' வகைக் கேமரா. 2020இல் சந்தைக்கு வந்தது. 24 மி.மீ. அகலக் கோணத்தில் தொடங்கி 2000 மி.மீ.க்கு இணையான தொலைவு வரை நீளும் 83 மடங்கு ஜூம்தான் இதன் பலம். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி வரலாம். நீரில் கால் வைத்து இரை தேடும் கொக்கு, நாரை, உள்ளான் வகைகள் திறந்த வெளியில் மெல்ல நடப்பவை, ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவை. அதனால் பறவைப் படம் பழக வருபவருக்கு மரப்பறவைகளைவிட இவையே ஏற்றவை. இவை மனிதரை அருகே விடுவதில்லை என்பது ஒன்றே தடை. அந்தத் தடையைத்தான் இந்தக் கேமரா நீக்குகிறது.

முழு ஜூமில், 50 மீட்டர் தொலைவில் நிற்கும் சின்ன வெண்கொக்கு சட்டத்தை ஏறக்குறைய மேலிருந்து கீழ்வரை நிறைக்கும். சென்னை பள்ளிக்கரணையில் துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையோரமிருந்து சதுப்பைப் பார்ப்பவருக்கு இந்த வீச்சு போதும். ஆனால் அந்த அளவு ஜூமில் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. கை சற்று அசைந்தாலும் பறவை காணாமல் போகும். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் காட்சி விரிகிறது. பறவையை நடுவில் நிறுத்தி விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்புகிறது. முதல் நாளே விரலுக்குப் பழக்க வேண்டிய பொத்தான் இது.

அடுத்தது வெளிச்சம். முழு ஜூமில் இதன் அப்பர்ச்சர் எஃப்/6.5தான், சென்சாரும் மிகச் சிறியது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் ஷட்டர் வேகம் சுமார் 1/600 நொடி கிடைக்கும். காலை இளவெயிலில் அது 1/150க்கு இறங்கும். நின்றுகொண்டிருக்கும் நாரைக்கு அதுவே போதும். கை நடுக்கத்தை அடக்கும் வசதி இதில் உண்மையாகவே சிறப்பாக வேலை செய்கிறது. கொக்கு மீனைக் கொத்தும் கணத்துக்கு 1/1000 வேண்டும், ஆகவே ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டிவரும். 800ஐத் தாண்டினால் இறகின் நுண்வரிகள் குழைந்து மாவாகின்றன. வட்டத் திருகில் பறவைப் படம் போட்ட நிலை பழகத் தொடங்க உதவும். ஷட்டர் வேகத்தை நாமே தீர்மானிக்கும் 'எஸ்' நிலைக்குச் சீக்கிரம் மாறுவது நல்லது.

வெள்ளைப் பறவையில்தான் இந்தக் கேமராவும் பயனரும் உண்மையில் சோதிக்கப்படுகிறார்கள். கரிய சேற்றில் நிற்கும் வெண்கொக்கைக் காட்டினால், கேமரா இருளைப் பார்த்துப் படத்தை வெளிறச் செய்கிறது. கொக்கு இறகே இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். இத்தனை சிறிய சென்சாரில் அப்படி வெளுத்துப்போன இடத்தை, ரா கோப்பாக எடுத்திருந்தாலும் பின்னர் மீட்க இயலாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1க்கு இறக்கினால், இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் தொங்கும் தூவிகள் இழை இழையாகத் தெரிகின்றன. கறுப்பும் வெள்ளையும் கலந்த நெடுங்கால் உள்ளானுக்கும் இதே விதி: வெள்ளையைக் காப்பாற்றினால் போதும், கறுப்பைப் பின்னர் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம்.

ஒளியின் திசையும் கணக்கில் வர வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், பள்ளிக்கரணைச் சாலையின் வடபுற நீரில் நிற்கும் பறவைமீது நல்ல ஒளி விழும். தென்புறப் பறவை நிழலுருவாகத் தெரியும். வெயில் ஏறியபின் நீருக்கும் சேற்றுக்கும் மேலே கானல் எழும். 2000 மி.மீ.யில் அந்தக் கானலும் சேர்ந்தே பெரிதாகி, பறவையின் விளிம்பு நெளிகிறது. இதற்கு எந்த அமைப்பும் மருந்தல்ல. சூரியன் உதித்து முதல் இரண்டு மணி நேரம்தான் உகந்தது.

குறைகளும் உண்டு. ஃபோகஸ், ஒளி-இருள் வேறுபாட்டைத் தேடி அலையும் பழைய முறையைச் சேர்ந்தது. முன்னால் கோரைப்புல் இருந்தால் பறவையை விட்டுப் புல்லைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் கட்டத்தைச் சிறிதாக்கிக் கண்ணருகே வைப்பது ஓரளவு கைகொடுக்கும். நொடிக்கு 7 படம் வீதம் தொடர்ந்து 10 படம் எடுத்ததும், கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா நின்றுவிடுகிறது. பறக்கும் பறவைக்கு இது ஒத்துவராது. முழு சார்ஜில் ஏறத்தாழ 290 படம்தான், இரண்டாவது பேட்டரி கட்டாயம். தூசி, ஈரக் காப்பு இல்லை; கோடியக்கரையின் உப்புக்காற்றில் உறையோடு வைத்திருப்பது நல்லது.

மடக்கித் திருப்பும் திரை இதன் பெரிய கொடை. கேமராவைக் கரையோரத் தரையில் வைத்துத் திரையை மேல்நோக்கித் திருப்பினால், நாரையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் படமெடுக்கலாம். பின்னணி தொலைவில் கரைந்து பறவை தனித்து நிற்கும். நின்றபடி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

அந்திப் பொழுதிலும் பறக்கையிலும் எடுக்க விரும்புபவர் மிரர்லெஸ் கேமராவுக்கும் நீண்ட லென்ஸுக்கும் காசு சேர்ப்பதே சரி. காலை வெயிலில், நிற்கும் பறவையைப் படமெடுத்துப் பழகுபவருக்கு பி950 நிறைவான தேர்வு. இத்தனை வீச்சு கையிலிருக்கும்போது கூடு கட்டும் மரங்களை நெருங்கத் தேவையே இல்லை. தள்ளி நின்றே எடுங்கள்.