திரிபும் தெளிவும்: ‘தி ராங் மேன்’ திரைப்படம் குறித்து

ஒருவரைப் பிறிதொருவராகக் கொள்ளும் மயக்கத்தைப் பொருளாக உடைய கதைகள் பெரும்பாலும் உருவொப்புமையையே பற்றுக்கோடாகக் கொள்வன. இருவரையும் முன்னரே அறிந்த பார்வையாளர், கதைமாந்தர் மயங்குவதைக் கண்டு சுவைப்பர். ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கி 1956-இல் வெளிவந்த ‘தி ராங் மேன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இம்மரபினின்றும் விலகுவது. 1953-இல் நியூயார்க்கில் எழுந்த உண்மை வழக்கொன்றே இதன் கரு.

இரவு விடுதி ஒன்றில் இசைக்கருவி வாசிப்பவன் மானி. மனைவி ரோஸின் பல் மருத்துவத்திற்கு 300 டாலர் வேண்டி, அவளது காப்பீட்டுப் பத்திரத்தின்மேல் கடன் கேட்கச் செல்கின்றான். முன்பு அங்கே பணம் பறித்தவன் இவனே என அலுவலகப் பெண்கள் அஞ்சுகின்றனர்.

கட்டையோ மனிதனோ எனத் துணியாது நிற்றலை ஐயம் என்றும், கிளிஞ்சலை வெள்ளியென்றே துணிதலைத் திரிபு என்றும் நம் அளவை நூலார் பகுப்பர். இப்படத்தின் முற்பகுதி, ஐயம் திரிபாக இறுகும் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றது. காவலர் மானியைக் கடைகளுக்குள் நடந்து வரச் செய்கின்றனர். கொள்ளையன் தந்த சீட்டின் வாசகத்தை எழுதச் செய்கின்றனர். அவன் எழுத்திலும் கொள்ளையன் செய்த அதே பிழை நேர்கின்றது. இவர்களுள் எவரும் தீயவரல்லர். எவரும் அறிந்து பொய் கூறவுமில்லை. அதுவே அச்சம் தருவது.

உண்மைக் கள்வனை இயக்குநர் நெடுநேரம் மறைத்தே வைக்கின்றார். மானி இறைவனை வேண்டி நிற்கும்போது, தெருவில் நடந்துவரும் அக்கள்வனின் முகம் அவன் முகத்தின்மேல் படிகின்றது. இதனை அருட்செயல் எனக் கொள்வாரும் உளர். யாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும், இரு முகங்களும் ஒன்றாகும் அந்நொடியில் நாமும் ஒப்புமை காணத் தொடங்கிவிடுகின்றோம் என்பது கருதத்தக்கது. சாட்சியரைக் குறைகூறிய நம் கண்ணும் அவர்தம் கண்ணே ஆகின்றது.

கள்வன் பிடிபட்டபின், அப்பெண்களே முன்போன்ற உறுதியுடன் அவனைச் சுட்டுகின்றனர். மானியைக் கடக்கும்போது முகம் நோக்காது செல்கின்றனர். ஈண்டே இப்படத்தின் உயிர்நிலை அமைந்துள்ளது என்பது எம் துணிபு. திரிபு பிறந்த வழியிலேயே தெளிவும் பிறக்கின்றது. அங்ஙனமாயின், முடிவு மெய்யாயினும் அதனைக் காட்டிய கருவி பழுதுடையதே. ஒருவன் விடுதலை பெற்றான், கருவியோ திருந்தவில்லை.

இதனை உணர்த்துபவள் ரோஸ். வழக்கின் சுமையால் மனம் சிதைந்து மருத்துவமனை சேர்ந்த அவளிடம் மானி விடுதலைச் செய்தியைக் கூறுகின்றான். அச்செய்தி அவளைத் தொடவில்லை. ஈராண்டின்பின் அவள் நலமுற்றாள் என இறுதியில் எழுத்தால் அறிவிக்கின்றனர். செய்தியளவில் அது நிறைவு தரலாம். கலையளவில் படம் அவளது மௌனத்திலேயே முடிந்துவிட்டது. குற்றமற்றவன் என்னும் தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்ட நாளை அழித்துவிடாது என்பதே அம்மௌனத்தின் பொருளாம்.