பெயர்ப்பலகையும் பிணியாளியும்

மருந்தின் இயல்பை வள்ளுவர் நான்கு கூறாகப் பகுத்தார். பிணிப்பட்டோன், பிணி போக்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் என நான்கோடு நிறுத்தினார். ஐந்தாவது கூறாக அமைச்சரின் படத்தை அவர் சேர்த்தாரில்லை. நம் அரசியலார் சேர்த்துவிட்டனர்! சேர்த்ததோடு அமைந்தனரா? மற்ற நான்கும் உளவா என்று நோக்குமுன், அந்த ஐந்தாவது யாருடையது என்று மல்லுக்கு நிற்கின்றனர்.

தமிழகத்தில் கண்டோம். 2009-ல் கலைஞர் பெயரால் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறிற்று. 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் என்று புதுப்பெயரும் புதிய அட்டையும் வந்தன. தலைமைச் செயலகத்துக்கென எழுப்பிய ஓமந்தூரார் வளாகக் கட்டடம், 2014-ல் பன்னோக்கு மருத்துவமனை ஆயிற்று. மருத்துவமனை ஒன்று கூடியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதனை ஈன்றது நோயாளியின் தேவையா, நேற்றைய ஆட்சியின்மீது இன்றைய ஆட்சி கொண்ட கசப்பா என்று கேட்காமல் இருப்பதெப்படி?

ஆட்சி மாறினால் மருத்துவமும் ஆட்டங்காணத்தான் வேண்டுமா? இங்கிலாந்தை நோக்குவோம். சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அனூரின் பெவான், தொழிற்கட்சி அமைச்சராக அமர்ந்து, 1948 சூலை 5-ல் அனைவர்க்கும் கட்டணமற்ற மருத்துவத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கான சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது சர்ச்சிலின் பழமைக் கட்சி. அதே கட்சி 1951-ல் ஆட்சிக்கு வந்தது. அழித்ததா? துணியவில்லை! மூன்றே ஆண்டுகளில் அது கட்சியின் உடைமை என்ற நிலை கடந்து குடிமக்களின் உடைமை ஆகிவிட்டது. பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் என்று தம் கட்சி ஆட்சியே முடிவெடுத்தபோது, பதவியைத் துறந்து வெளியேறினார் பெவான். அவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது? அவர் பிறந்த திரெடிகர் ஊரில், தொழிலாளர்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துத் தாமே நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்திலிருந்து வந்தது. ஊரார் கையில் வளர்ந்த நாற்றுத்தான் நாட்டு வயலில் நடப்பட்டது.

இந்தப் பாடத்தோடு புதுவைக்கு வருவோம். மருத்துவக் கல்வியில் இம்மண் வறியதன்று. 1823-ல் பிரெஞ்சுக்காரர் இங்கு மருத்துவப் பள்ளி கண்டனர். 1964-ல் ஜிப்மர் என்ற பெயர் பெற்ற நிறுவனம், 2008-ல் நாட்டுச் சிறப்புடைய நிறுவனமாகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. கதிர்காமத்தில் அரசின் மருத்துவக் கல்லூரி 2010-ல் எழுந்தது. வில்லியனூரை அடுத்த அரியூரிலும், பாகூர்ப் பக்கத்துக் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் இத்துணைக் கல்லூரிகளை வேறெங்கும் காண்பது அரிது.

எனினும், பெரிய மருத்துவமனை நாட்டில் இருப்பது வேறு. மருத்துவம் ஊரில் இருப்பது வேறு. பாகூர் நெல் விளையும் கொம்யூன். நள்ளிரவில் மடை திறக்கச் சென்ற உழவனைப் பாம்பு தீண்டினால், கோரிமேட்டின் மாடங்கள் ஓடிவந்து காப்பாற்றுமா? அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நச்சுமுறி மருந்து இருக்க வேண்டும். அதனைச் செலுத்த அறிந்தவர் விழித்திருக்க வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூரில் சர்க்கரை நோயோடு வாழும் மூதாட்டிக்கு வேண்டுவது மாதந்தவறாத மாத்திரை. அதற்காக ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் அவள் மகன் இழக்கலாகாது.

இதனை அறிஞர்கள் அறியாதவர்களல்லர். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடு வகுத்துக்கொண்ட அளவை. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, புதிய நிலையங்களைத் திறந்து திறந்து எண்ணிக்கை காட்டுவதினும், இருப்பவற்றுக்கு ஆளும் கருவியும் தந்து வலுவூட்டுவதே முதற்கடன் என்று 1960-களின் தொடக்கத்திலேயே அறிவுரைத்தது. ஆனால் இருக்கும் நிலையத்துக்கு வலுவூட்டினால் திறப்பு விழா ஏது? கல்வெட்டு ஏது? கல்வெட்டில் பெயர்தான் ஏது?

கட்சிப் பூசல் ஊர்ப்புறத்தை எவ்வாறு வருத்துகிறது என்பதற்கு ஒன்று காட்டுவோம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை மருத்துவனானால் சிற்றூரின் துயரை அவன் அறிவான். நீட் தேர்வு அவன் வழியை அடைத்தபோது, தமிழகம் 2020-ல் 7.5 விழுக்காடு ஒதுக்கிச் சட்டம் செய்தது. அதே ஆண்டில் புதுவை அமைச்சரவை 10 விழுக்காடு என முடிவெடுத்தது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி அதனை மைய அரசுக்கு அனுப்பினார். முதல்வர் நாராயணசாமிக்கும் ஆளுநருக்கும் ஓயாத போர்! 2021 பிப்ரவரியில் ஆளுநரும் போனார், அமைச்சரவையும் கவிழ்ந்தது. வேறோர் ஆட்சியில், 2023-ல்தான் அந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இடையே கழிந்த ஆண்டுகளில் வாய்ப்பிழந்த உழவன் மகனுக்கும் நெசவாளி மகளுக்கும் ஈடு செய்வோர் யார்?

ஜிப்மரில் இந்தியைப் புகுத்தும் சுற்றறிக்கை 2022-ல் வந்தபோதும், சில பரிசோதனைகளுக்குக் கட்டணம் என்ற பேச்சு 2023-ல் எழுந்தபோதும் கட்சிகள் தெருவில் இறங்கின. நேரிய எதிர்ப்புத்தான், நாம் குறை கூறோம். நோயாளி தன் வலியைச் சொல்லும் மொழியிலேயே மருத்துவமனை அவனோடு பேச வேண்டும். ஆனால் தில்லியை நோக்கி அவ்வளவு உரத்து முழங்கும் குரல்கள், தம் ஊரைப் பற்றி ஒன்றில் மட்டும் ஊமையாகிவிடுவதேன்?

அந்த ஒன்றுதான் கொம்யூன் மன்றம்.

1880-ல் பிரெஞ்சு ஆணையால் இம்மண்ணில் கொம்யூன் மன்றங்கள் தோன்றின. அவற்றில் குறைகள் பல இருந்தன, மறுக்கவில்லை. ஆயினும், 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று தீர்மானித்த 178 பேரில், சட்டமன்றத்தாரோடு அந்த மன்றங்களின் உறுப்பினரும் இருந்தனர். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நாட்டின் தலையெழுத்தையே எழுதத் தகுதி பெற்றவை அம்மன்றங்கள்! பின்னர் நடந்ததென்ன? 1968-ல் தேர்தல், அடுத்த தேர்தல் 2006-ல். 38 ஆண்டுகள்! 2011-ல் அவற்றின் காலம் முடிந்தது. அடுத்த பத்தாண்டில் மீண்டும் தேர்தல் இல்லை. 2021-ல் நாள் குறித்தும், இடஒதுக்கீட்டுச் சிக்கலால் நின்றுபோயிற்று.

அந்த 38 ஆண்டுகளில் ஆண்டோர் யார்? காங்கிரசார் ஆண்டனர், திராவிட முன்னேற்றக் கழகத்தார் ஆண்டனர், அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தார் ஆண்டனர். மேடையில் ஒருவரையொருவர் சாடியோர், மௌனத்தில் ஒன்றுபட்டனர். மாநில உரிமை பேசித் தில்லியிடம் அதிகாரம் கேட்போர், பாகூரானுக்கு அதிகாரம் தர அஞ்சுவது என்ன நீதி? அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் 23-ஆம் இனம், மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளுள் வைத்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. மன்றத்தின் நாற்காலியில் ஆள் இல்லை.

"மன்றம் வந்தால் அங்கும் கட்சிதானே வரும்?" என்பர். வரட்டும்! ஆனால் அந்தக் கட்சிக்காரன் நோயாளியின் அண்டை வீட்டான். மருத்துவர் எத்தனை மணிக்கு வந்தார், மருந்து இருப்பு எவ்வளவு, மகப்பேற்றுக்கு வந்தவளை நகருக்கு அனுப்பியதேன் என்று கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் அவனைக் கேட்கலாம். அவனும் ஓடி ஒளிய முடியாது. அமைச்சரை அவ்வாறு கேட்பதெப்படி? வில்லியனூர்த் தேர்வடத்தைப் பிடிக்கப் பிரெஞ்சு ஆளுநர் காலந்தொட்டு ஆள்வோர் வருகின்றனர். வடத்தைத் தொட்ட கையோடு, அவ்வூர் மருந்தகத்தின் வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்!

வாக்குக் கேட்டு வருவோரிடம் எந்தத் திட்டத்துக்கு யார் பெயர் என்று வினவாதீர். எம் கொம்யூன் மன்றத்துக்கு முறை தவறாது தேர்தல் நடத்துவீரா, சுகாதார நிலையத்தின் கணக்கையும் கண்காணிப்பையும் அதற்குரிய நிதியோடு அம்மன்றத்திடம் ஒப்படைப்பீரா என்று வினவுங்கள். ஆம் என்போர் எக்கட்சியினராயினும் ஏற்போம். மழுப்புவோர் எந்தக் கொடியைப் போர்த்தி வந்தாலும், அவரிடம் மீண்டும் மீண்டும் அதே வினாவைத் தொடுப்போம். பிணிக்குக் கட்சி இல்லை. அதைப் போக்கும் பொறுப்பு மட்டும் ஏன் கட்சிகளின் பூசலுக்குள் சிறைப்பட வேண்டும்?