எடைக்குப் போட்ட கார்

ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) பற்றி எதைப் படித்தாலும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு மனிதனுக்கும் ஒரு காருக்கும் நடுவிலான காதல். தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியம் படத்தின் கடைசிப் பகுதியைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் கார் கடைசியில் விற்கப்படுகிறது. அதுவும் இரும்பாக, எடை போட்டு. எனக்கு அது ஒரு விற்பனையைப் பற்றிய படமாகத்தான் தெரிகிறது. ஒரு பொருளில் வருஷக்கணக்காகப் போட்ட உழைப்புக்கு, விற்கும்போது என்ன கிடைக்கும்? படம் கேட்கிற கேள்வி இதுதான்.

சுபோத் கோஷின் சிறுகதையை வைத்து எடுத்த படம். பிமல் (காளி பானர்ஜி) இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்து மலைச்சாலைகளில் டாக்ஸி ஓட்டுகிறவன். அவனிடம் இருப்பது 1920ஆம் வருஷத்துச் செவர்லே. அமெரிக்கக் கார், துணி டாப் போட்ட திறந்த வண்டி. புதிதாக வந்தபோது அந்த டாப்பை மடித்துவிட்டு யாரோ ஒரு துரை காற்று வாங்கப் போயிருப்பார். பிமல் கைக்கு வரும்போது டாப் கிழிந்து தொங்குகிறது. அவன் அதற்கு வைத்திருக்கிற பெயர் ஜகத்தல். வங்காளத்தில், அசைக்க முடியாத பெரும் பாறை என்கிற அர்த்தத்தில் வரும் சொல். டாக்ஸி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். நம்ம ஊர் ஆட்களாக இருந்தால் "பேரீச்சம்பழத்துக்குப் போடுப்பா" என்று சொல்லியிருப்பார்கள்.

பிமல் போடமாட்டான். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும்போது அது மடக் மடக்கென்று குடிக்கிற சத்தத்தைக் கட்டக் சேர்த்திருக்கிறார். ஹெட்லைட் தானாகத் திரும்பிப் பார்க்கிறது. இந்த இடங்களைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது பிற்பகுதியை. கார் படுத்துவிடுகிறது. பிமல் கையில் இருக்கிற காசையெல்லாம் கொட்டிப் பாகங்கள் வாங்கிப் போட்டு அதைத் திரும்ப ஓடவைக்கிறான். இன்றைய பேச்சில் சொன்னால் 'ரெஸ்டோர்' செய்கிறான். பிறகு தாங்குமா என்று பார்க்கப் பெரிய பெரிய கற்களை அதில் ஏற்றுகிறான். சோதனையா, கோபமா என்று பிரிக்க முடியாத காட்சி அது. கார் தாங்கவில்லை. அதற்கப்புறம்தான் காயலான் கடை வியாபாரி வருகிறார். பாகம் பாகமாகப் பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள்.

இப்போது வேறொரு விற்பனையைப் பாருங்கள். நம் தாத்தா காலத்தில் காருக்கே 'பிளசர்' என்றுதான் பெயர். அந்தப் பிளசர்களில் சில உழைத்துத் தேய்ந்த பிறகு இன்று பங்களாக்களில் நிற்கின்றன. ஃபோர்டு 1926இலேயே இந்தியாவில் கம்பெனி தொடங்கி, மெட்ராஸ் உட்பட மூன்று ஊர்களில் காரைப் பூட்டி விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் செவர்லேக்களைப் பூட்ட ஆரம்பித்தது. வெளியிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் அரசு சொன்னதும் இரண்டும் கடையைக் கட்டின. அதோடு உதிரி பாகமும் போயிற்று. அப்புறம் அந்தக் கார்களை ஓடவைத்தது லேத் பட்டறைகளும் டிங்கர்களும்தான். கடையில் கிடைக்காத பாகத்தைக் கடைந்து எடுத்தார்கள். தகட்டைத் தட்டி மட்கார்டு செய்தார்கள். டாப்புக்குக் கேன்வாஸ் தைத்தது குஷன் கடைக்காரர்.

அப்படிப்பட்ட டாப் இறக்குற அமெரிக்கக் கார் ஒன்றை இன்று புதுப்பித்து விற்க வந்தால் விளம்பரத்தில் என்ன இருக்கும்? புது டாப், புது குஷன், புது குரோம், பளபளக்கிற பெயிண்ட். அதற்கு மேலே, கொட்டை எழுத்தில், 'மேட்சிங் நம்பர்ஸ்'. அதாவது ஃபேக்டரியிலிருந்து வந்தபோது சேஸிஸோடு இருந்த அதே இன்ஜின் இப்போதும் இருக்கிறது என்பதற்கான சான்று. வாங்குகிறவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இதில் பிறகு யாரும் எதையும் மாற்றவில்லையே? அந்தக் காரை எழுபது வருஷம் சாகாமல் வைத்திருந்த கைகளின் தடம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு விலை கூடும்.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவத்திலேயே இருக்கிற, பெரிய அளவில் பிரித்து மாற்றப்படாத வண்டிதான் 'விண்டேஜ்'. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. வாங்கலாம், விற்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. போலிகளைத் தடுக்க இப்படி ஒரு விதி தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஜகத்தலைப் பாருங்கள். வயது வந்தபின் அது பிழைத்திருந்தாலும் இந்தப் பட்டியலுக்குள் வர வழியில்லை. வாழ்நாள் முழுக்க வாடகைக்கு ஓடிய வண்டி. கிடைத்ததையெல்லாம் பூட்டி ஓட்டப்பட்ட வண்டி. உழைத்ததும் பழுது பார்க்கப்பட்டதும்தான் அதன் குற்றம்.

ஆக, பழைய பொருளுக்குச் சந்தையில் இரண்டே விலைதான். ஒன்று, கை படாத அசல் என்கிற கதைக்கு. இன்னொன்று, எடைக்கு. நடுவில் இருக்கிற உழைப்புக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. என் வேலையிலும் இதுதான் நிலவரம். புது ஃபீச்சர் எழுதியவர் பெயரை மீட்டிங்கில் சொல்வார்கள். பத்து வருஷப் பழைய கோடை ராத்திரியில் விழாமல் பார்த்துக்கொண்டவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் சினிமா பார்த்து எனக்குத் தோன்றியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. நான் ஆரணிக்காரன். பட்டு நெய்கிற ஊர். எங்கள் தெருவுக்குப் 'பழைய பட்டுப் புடவை வாங்குறோம்' என்று ஆள் வருவதுண்டு. வந்தவர் புடவையை விரித்துக்கூடப் பார்க்கமாட்டார். முந்தானை ஓரத்தில் ஜரிகையைச் சுரண்டுவார். அசல் ஜரிகை என்றால் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் போட்டிருக்கும். அந்த வெள்ளிக்குத்தான் காசு. புடவையை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். "இது எந்தத் தறியில நெஞ்சது தெரியுமா, எங்க சித்தப்பா தறி" என்று அத்தை சொல்லிப் பார்ப்பாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரிதாங்கம்மா, ஜரிகை கம்மியா இருக்கே" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அவர் தராசில் சித்தப்பாவுக்குத் தட்டு இல்லை, அவ்வளவுதான். அதே புடவை புதிதாக இருந்தபோது பெரிய ஊர் ஷோரூமில் கடையின் பெயரோடு தொங்கியது. அப்போதும் நெய்தவர் பெயர் அதில் இல்லை. கட்டக்கின் காயலான் கடைக் காட்சியைப் பார்க்கும்போது ஆரணியில் வளர்ந்த யாருக்கும் அந்த வியாபாரி புது ஆள் கிடையாது.

கார் வருகிற மற்ற படங்களை இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தால் கட்டக் செய்த காரியம் இன்னும் தெளிவாகத் தெரியும். பாரி லெவின்சனின் 'ரெயின் மேன்' (1988) படத்தில் வருவது டாப் இறக்குற 1949 பியூக் ரோட்மாஸ்டர். அப்பா செத்ததும் சார்லிக்குக் கிடைப்பது அந்தக் காரும் ரோஜாச் செடிகளும்தான். முப்பது லட்சம் டாலர் வேறு பக்கம் போகிறது. சார்லியே கார் வியாபாரி, விலை தெரிந்தவன். அவனுக்கு அந்தக் கார் ஒரு அவமானம், பிறகு மெல்ல ஓர் உறவாகிறது. அழகான படம். ஆனால் அந்தக் காரை நாற்பது வருஷம் அப்படி மினுமினுப்பாக வைத்திருந்தது யார் கை என்று படத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை. அங்கே கார் ஒரு சொத்து. அதைப் பார்த்துக்கொள்வது திரைக்கு வெளியே நடக்கிற வேலை.

நம்ம 'பண்ணையாரும் பத்மினியும்' (2014) இதைவிடக் கூர்மையான ஓர் இடத்தைத் தொடுகிறது. அருண்குமார் இயக்கிய அந்தப் படத்தில் பத்மினியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவன் டிரைவர் முருகேசன். பண்ணையார் ஓட்டக் கற்றுக்கொண்டால் தன் கை காரை விட்டுப் போய்விடுமே என்று பயப்படுகிறான். விஜய் சேதுபதி அதை நகைச்சுவையாகவே செய்திருப்பார். ஆனால் அந்தப் பயம் நியாயமானது. பார்த்துக்கொள்கிறவனுக்கு அந்தப் பொருளின்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. பண்ணையாரின் மகள் வந்து காரை எடுத்துக்கொண்டு போகும்போது முருகேசனைக் கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இந்தப் பயத்தைக் கண்டுபிடித்த படம், அதை அங்கேயே விட்டுவிட்டுப் பண்ணையார் தம்பதியின் அன்புக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கட்டக் பத்திரமாக உட்காரவில்லை. பிமல் டிரைவர், மெக்கானிக், முதலாளி மூன்றும் ஒரே ஆள். அதனால் உழைத்தவனையும் விற்கிறவனையும் படத்தால் பிரிக்க முடியாது. விற்கிற கையே பழுது பார்த்த கை. காயலான் கடை விலை அவனுக்கு எவ்வளவு குறைவு என்பதை வசனமே இல்லாமல் நாம் புரிந்துகொள்வது அதனால்தான்.

குறையே இல்லாத படம் என்று சொல்லவரவில்லை. ஏமாற்றப்பட்டு நடுவழியில் நிற்கிற அந்தப் பெண் பிமலின் மனசு ஆடுவதற்கான ஒரு காரணமாக மட்டும் வந்துபோகிறாள். ஒராவோன் மக்களின் ஆட்டமும் கொட்டும் கண்ணுக்கு விருந்து, ஆனால் அவர்கள் பிமலின் கதைக்குப் பின்னணியாகத்தான் நிற்கிறார்கள். யாருடைய உழைப்புக்கும் விலை இல்லை என்று சொல்கிற படத்தில், சிலர் உழைப்பு கண்ணுக்கே தெரியவில்லை.

ஆனால் புலாகியை அவர் மறக்கவில்லை. ஊரில் திரியும் அந்தப் பைத்தியக்காரன் (கேஷ்டோ முகர்ஜி) ஒரு பழைய பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறான். கடைசியில் புதுப் பாத்திரம் கிடைத்ததும் பழசை மறந்து குஷியாகிறான். விமர்சகர்கள் இதை வாழ்வின் சுழற்சி, நம்பிக்கை என்றெல்லாம் வாசிக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு லேசாகப் படவில்லை. புலாகி வாங்குகிறவனின் மனநிலை. அவன் அந்தப் பாத்திரத்துக்கு எதுவும் செய்ததில்லை, வைத்திருந்தான், அவ்வளவுதான். வைத்திருந்தவனால் மறக்க முடியும். பழுது பார்த்தவனால் முடியாது. பிமலின் முகத்தைப் புலாகியின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

கடைசியில் ஜகத்தலின் ஹாரன் மட்டும் ஒரு குழந்தையின் கைக்குப் போகிறது. குழந்தை அதை அமுக்க, சத்தம் வர, பிமல் கண்ணீரோடு சிரிக்கிறான். அது வெறும் ஆறுதல் காட்சி என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அந்த ஹாரன் தராசில் ஏறவில்லை. வியாபாரி அதன் எடையைக் கழித்துக்கொண்டுதான் பிமலுக்குக் காசு கொடுத்திருப்பார்.