நீலப் புள்ளிகளை ரசிப்பது எப்படி?

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு வருகிறவர்கள் பூக்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் நம்மைப் பயமுறுத்துவார்களே, அந்த மருந்து இங்கேயும் தயாரானது. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, கொன்று, எடுத்த மருந்து. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் வெகு சிலருக்குக் கைகால் விழுந்துவிட்டது. மருந்தோடு கலந்து வந்த மூளைத் திசுவைப் பகை என்று எண்ணிய எதிர்ப்பு செல்கள், அந்த ஆளின் சொந்த நரம்புகளின் உறையையே அரித்துவிட்டன. 2004 இறுதியோடு இந்தியாவில் அந்த மருந்தின் தயாரிப்பு நின்றுவிட்டது.

எந்த ஊசியும் போடாமலேயே அதே தவறு கணையத்தில் நடந்தால், அதுதான் முதல் வகைச் சர்க்கரை நோய். இந்தத் தவறைக் கணையத் திசுவின் நுண்ணோக்கிப் படமாகப் பார்க்க முடியும். பாஸ்டர் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடையில், நோய்க்குறியியல் படித்த நண்பர் மடிக்கணினியைத் திறந்து எனக்கு அதைக் காட்டினார். அவர் பார்க்கச் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அவலாஞ்சிப் பக்கம் புல்வெளிக்கு நடுவே சோலைகள் திட்டுத்திட்டாகத் தெரியுமே, அதுபோலக் கணையம் முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டது. ஒரு கணையத்தில் சுமார் 10 லட்சம் இருக்கும். இருந்தும் மொத்த எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். இன்சுலின் தெரியும்படி சாயம் ஏற்றியிருந்தால், அதைச் சுரக்கும் பீட்டா செல்கள் பழுப்பாகத் தெரியும்.

இனி கிட்டே போகலாம். தீவின் ஓரத்தில் அடர்நீலப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் டி செல்கள் என்ற, கொல்லும் வேலை பார்க்கும் எதிர்ப்பு செல்கள். ஈ மொய்த்தாற்போல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காட்சி சோதனைச் சாலை எலியில்தான். மனிதக் கணையத்தில் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தீவில் 15 எதிர்ப்பு செல்களாவது, அப்படி மூன்று தீவுகளாவது இருக்க வேண்டும் என்பது 2013இல் நிபுணர்கள் வகுத்த கணக்கு. பெல்ஜியத்தைச் சேர்ந்த வில்லி கெப்ட்ஸ் 1965இல், நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் இறந்தவர்களின் கணையங்களைப் பார்த்து இந்தப் புள்ளிகளை உலகத்துக்குத் திரும்ப நினைவூட்டினார். அதுவரை பலரும் இதைப் பொருட்படுத்தவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. அதே தீவில், பீட்டா செல்லோடு தோளுரசி நிற்கும் ஆல்ஃபா என்ற வேறு வகைச் செல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவின் விரல் முற்றிய இலையை விட்டுவிட்டு இரண்டு இலையும் மொட்டும் மட்டும் கிள்ளுமே, அந்த நேர்த்தி. கண்மூடித்தனமான கலவரம் என்று இதைச் சொன்னால் தப்பு. இது தேர்ந்த கை, தவறான செடி.

ஏன் தவறுகிறது? மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் டி செல்களுக்குப் பரீட்சை நடக்கிறது. உடம்பின் சொந்தச் சரக்கைப் பகையாகப் பார்ப்பவற்றை அங்கேயே கழித்துக்கட்டுவார்கள். அந்தப் பரீட்சைக்காகத் தைமஸ் தானும் துளி இன்சுலின் தயாரிக்கிறது! பிறவியிலேயே அந்தத் துளி குறைவாக இருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம். தப்பித்து வெளியே வந்த செல்களை அடக்க டி செல்களிலேயே இன்னொரு கூட்டம் உண்டு. அதை இனங்கண்டதற்குத்தான் 2025இன் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் போனது. பீட்டா செல்லும் முழுக்க அப்பாவி இல்லை. நெருக்கடியில் அது தன் புரதத் துணுக்குகளை வாசலில் வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டுகிறது. வேட்டையாடும் செல்லுக்கு வழிகாட்டியே அதுதான். (சர்க்கரை அள்ளிப்போட்டு டீ குடித்ததால் வந்தது என்று குழந்தையின் அம்மாவைக் குற்றம் சொல்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.)

டி செல்களை அடக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. நோய் வாசலில் நிற்கும்போதே கொடுத்தால் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறது. அவ்வளவுதான், ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஊசியில்லாத இரண்டு வருஷம் சின்ன விஷயமில்லை.

கடைசியாக ஒரு படம். 50 ஆண்டுக்கு மேல் இன்சுலின் ஊசியோடு வாழ்ந்து இறந்தவர்களின் கணையங்களைப் பாஸ்டனில் உள்ள ஜோஸ்லின் மையத்தார் பரிசோதித்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒன்பது கணையங்கள். ஒன்பதிலும் பீட்டா செல்கள் மிச்சம் இருந்தன. அந்தப் படம் கண்ணில் பட்டால் நீலத்தை விடுங்கள். தனியாக நிற்கும் பழுப்புப் புள்ளியைத் தேடுங்கள்.